மருத்துவர் - நோயாளி உறவின் சட்ட ஒழுங்குமுறை (இந்தியா)

மருத்துவர் - நோயாளி உறவின் சட்ட ஒழுங்குமுறை என்பது, மருத்துவர்களின் தகுதி, நடத்தை, நோயாளிக்கு அவர்கள் ஆற்ற வேண்டிய கடமைகள் ஆகியவற்றைச் சட்டத்தின் மூலம் அரசு வரையறுப்பதைக் குறிக்கும். நோயைப் பற்றிய அறிவு மருத்துவரிடம் உள்ளது, உடலோ நோயாளியுடையது. எனவே, சிகிச்சை பற்றி முடிவெடுக்கும் உரிமை யாருடையது என்பது இவ்வொழுங்குமுறையின் அடிப்படைக் கேள்விகளுள் ஒன்றாகும்.

பதிவும் நடத்தை விதிகளும்

நவீன மருத்துவம் செய்பவர் மருத்துவப் பதிவேட்டில் இடம்பெற்றிருத்தல் வேண்டும். சென்னை மாகாணத்தில் 1914 ஆம் ஆண்டிலேயே இதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. நாடு தழுவிய அளவில் 1934 இல் நிறுவப்பட்ட இந்திய மருத்துவ கவுன்சிலுக்கு மாற்றாக, 2020 செப்டம்பர் 25 முதல் தேசிய மருத்துவ ஆணையம் செயற்படுகிறது.

2002 ஆம் ஆண்டின் நடத்தை விதிகளின்படி, மருத்துவர் நோயாளியின் இரகசியங்களைக் காக்க வேண்டும். மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் வழங்க வேண்டும். மருந்து நிறுவனங்களிடம் பரிசு பெறுவது 2009 இல் தடை செய்யப்பட்டது. 2023 ஆகத்து மாதத்தில் வெளியான புதிய விதிகள் அதே மாதத்தில் நிறுத்தி வைக்கப்பட்டு, 2002 ஆம் ஆண்டு விதிகளே மீண்டும் நடைமுறைக்கு வந்தன. விதிகளை மீறியவரின் பெயரை மாநில மருத்துவ கவுன்சில் பதிவேட்டிலிருந்து நீக்கலாம்.

நோயாளியின் ஒப்புதல்

2008 இல் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான வழக்கில் தீர்ப்பளித்தது. நோயறிதலுக்கான உள்நோக்கிச் சோதனைக்கு மட்டும் ஒப்புதல் அளித்திருந்த பெண் ஒருவர் மயக்கநிலையில் இருந்தபோது, தாயின் ஒப்புதலைப் பெற்று அவரது கருப்பையும் சூலகங்களும் அகற்றப்பட்டன. வயது வந்த, முடிவெடுக்கும் திறனுள்ள நோயாளிக்காக உறவினர் அளிக்கும் ஒப்புதல் செல்லாது என்றும், சோதனைக்குத் தந்த ஒப்புதல் சிகிச்சைக்குப் பொருந்தாது என்றும் நீதிமன்றம் கூறியது. உயிரைக் காக்க உடனடிச் சிகிச்சை இன்றியமையாததாகும் நிலை இதற்கு விதிவிலக்காகும்.

நுகர்வோர் உரிமை

கட்டணம் பெற்று அளிக்கப்படும் மருத்துவம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்ட சேவையே என்று உச்ச நீதிமன்றம் 1995 இல் தீர்ப்பளித்தது. அதன்படி, கவனக்குறைவால் பாதிக்கப்பட்டவர் நுகர்வோர் ஆணையத்தில் இழப்பீடு கோரலாம். அனைவருக்கும் முற்றிலும் இலவசமாகவே மருத்துவம் அளிக்கும் மருத்துவமனைகள் இதில் அடங்கா. ஆகவே, அரசு மருத்துவமனையில் இலவசச் சிகிச்சை பெறும் ஏழை நோயாளிக்குப் பொதுவாக இவ்வழி கிட்டுவதில்லை. அவர் உரிமையியல் நீதிமன்றத்தையே நாட வேண்டியுள்ளது.

குற்றப் பொறுப்பு

சிகிச்சை பலனளிக்காமை தன்னளவில் குற்றமாகாது. மிகக் கடுமையான கவனக்குறைவு இருந்தால் மட்டுமே மருத்துவர் மீது குற்ற வழக்குத் தொடரலாம் என 2005 இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. வழக்கு அச்சத்தால் மருத்துவர்கள் கடினமான சிகிச்சைகளைத் தவிர்த்தால், அதனால் பாதிப்படைவோர் நோயாளிகளே என்பது இதற்கான காரணங்களுள் ஒன்றாகும். 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்கிதா, மருத்துவச் செயன்முறையின்போது கவனக்குறைவால் மரணம் விளைவிக்கும் பதிவு பெற்ற மருத்துவருக்கு இரண்டாண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. இத்தகைய குற்றத்துக்குப் பிறருக்கான உச்ச வரம்பு ஐந்தாண்டுகள் ஆகும்.