வலி கழுத்தில், சிகிச்சை மேல்முதுகில் ஏன்?

கழுத்து வலிக்கு இயன்முறை சிகிச்சை பெறும் நெசவாளர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது: "கழுத்து வலிக்கிறது என்றால் முதுகை ஏன் அழுத்துகிறீர்கள், ஐயா?"

பெரணமல்லூர், ஆரணி வட்டாரத்தில் பட்டு நெய்பவர், பாவு இழைகளின் மீது பார்வையைப் பதித்து, தலை தாழ்த்தி, முதுகு கூனி மணிக்கணக்கில் தறியில் அமர்கிறார். கழுத்தில் உள்ளவை 7 முள்ளெலும்புகள். அவற்றின் கீழே விலா எலும்புகளைத் தாங்கும் 12 முள்ளெலும்புகள் உள்ளன. இப்பகுதி இறுகி அசைவு குறைந்தால், அதன் சுமையையும் கழுத்தே ஏற்க நேரிடுகிறது.

பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவர் மேல்முதுகின் மூட்டுகளைக் கைகளால் அழுத்தி அசைக்கிறார். இதனால் இறுக்கம் தளர்கிறது. நரம்பு மண்டலத்தில் வலியுணர்வு தணிவதாகவும் கருதப்படுகிறது. அப்போது எழும் 'சடக்' ஒலி, விலகிய எலும்பு இடத்தில் சேர்வதால் உண்டாவதன்று; மூட்டுத் திரவத்தில் வாயுக் குமிழி தோன்றுவதால் எழுவது. ஒலி எழாவிடினும் பயன் உண்டு.

அமெரிக்க இயன்முறை மருத்துவச் சங்கத்தின் எலும்பியல் பிரிவு 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், அசைவு குறைந்த கழுத்து வலிக்கு இச்சிகிச்சையை உடற்பயிற்சியுடன் சேர்த்துப் பரிந்துரைக்கிறது. கைச்சிகிச்சை மட்டும் தரும் நிவாரணம் பெரும்பாலும் சில நாள்களே நீடிக்கும். அதை நிலைக்கச் செய்வது பயிற்சியே.

ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். முடிதிருத்தும் கடைகளில் தலையைச் சட்டெனத் திருப்பிக் கழுத்தில் சொடக்கு எடுக்கும் வழக்கம் ஆபத்தானது. அரிதாகவேனும், மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் நேரலாம்.

எலும்புத் தேய்மானம், எலும்பு முறிவு, புற்றுநோய் உடையோர் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். கை மரத்தல், பிடி தளர்தல், நடை தள்ளாடுதல், சிறுநீர் கட்டுப்பாடு இழத்தல், காய்ச்சலுடன் கூடிய வலி ஆகியவை இருப்பின் உடனே மருத்துவரை அணுகுங்கள். அழுத்துதலும் நீவுதலும் கூடாது.

வீட்டில் செய்யத்தக்கவை:

• நாற்காலியின் சாய்மானத்தில் மேல்முதுகைப் பதித்து, கைகளைத் தலைக்குப் பின் கோத்து, மெல்லப் பின்னோக்கி வளையுங்கள், 10 முறை.

• தோள்பட்டை எலும்புகளை ஒன்றோடொன்று நெருக்கி, 5 நொடி நிறுத்தித் தளர்த்துங்கள், 10 முறை.

• அரை மணிக்கு ஒருமுறை தறியை விட்டு எழுந்து நிமிருங்கள்.

எழுந்து நிற்கும் அந்த இரண்டு நிமிடங்களால் கூலி குறையுமோ என்று தயங்க வேண்டாம். வலியால் தறி நின்றுபோகும் நாள்களின் இழப்பு அதனினும் பெரிது. குடும்பத்தினரும் இதனை அன்புடன் நினைவூட்டுங்கள்.