ஏன் விடுவித்தீர்கள் என்று ஜூரியைக் கேட்க முடியுமா?

சாப்பாடு இல்லை, தண்ணீர் இல்லை, குளிர்காய நெருப்பு இல்லை, சிறுநீர் கழிக்க ஒரு சட்டிகூட இல்லை. 1670 செப்டம்பரில் லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் 12 ஜூரிகளை இரண்டு இரவு இப்படித்தான் அடைத்து வைத்தார்கள்.

வழக்கு, குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த வில்லியம் பென், வில்லியம் மீட் இருவர் மீது. வழிபாட்டுக் கூடத்தை அதிகாரிகள் பூட்டிவிட்டதால் கிரேஸ்சர்ச் தெருவிலேயே நின்று பிரசங்கம் செய்தார் பென். சட்டவிரோதக் கூட்டம் என்றது அரசு. தெருவில் பேசினார், அதற்கு மேல் ஒன்றுமில்லை என்றது ஜூரி. திரும்பத் திரும்ப உள்ளே அனுப்பியும் மசியவில்லை. கடைசியில் இருவருமே குற்றவாளிகள் அல்ல என்றார்கள். அதற்காக ஜூரிகளுக்கு ஆளுக்கு 40 மார்க் அபராதம், கட்டும்வரை நியூகேட் சிறை. எட்வர்ட் புஷெல் என்ற ஜூரி கட்ட மறுத்து ஆட்கொணர்வு மனுப் போட்டார். தீர்ப்புக்காக ஜூரியைத் தண்டிக்கக் கூடாது என்று தலைமை நீதிபதி ஜான் வாகன் அவரை விடுவித்தார்.

சட்டத்தை ஒதுக்கித் தள்ளலாம் என்று வாகன் சொல்லவில்லை. ஆனால் ஜூரி காரணம் சொல்ல வேண்டியதில்லை. அறைக்குள் பேசியது ரகசியம். விடுதலைக்காகத் தண்டனையும் இல்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் சட்டத்தை மீறியும் விடுவிக்கும் அதிகாரம் தானாக வந்துவிடுகிறது. அர்ஜென்டினாவின் பெல்கிரானோ போர்க்கப்பலை பிரிட்டன் மூழ்கடித்தது பற்றிய ஆவணங்களை எம்.பி. ஒருவருக்கு அனுப்பிய பாதுகாப்புத் துறை அதிகாரி கிளைவ் பாண்டிங், நீதிபதியின் அறிவுரை தனக்கு எதிராக இருந்தும் 1985-ல் விடுதலையானார்.

இதே அதிகாரம் கொடுமைக்கும் துணைபோயிருக்கிறது. 1955-ல் மிசிசிப்பியில் 14 வயது கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில்லைக் கொன்ற இருவரை, வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் விடுவித்தது. மறு ஆண்டே இருவரும் கொலையைப் பத்திரிகையில் ஒப்புக்கொண்டார்கள். ஒருமுறை விடுதலையானவர்களை மறுபடி விசாரிக்க வழியில்லை. அதற்காக இந்த அதிகாரத்தைப் பிடுங்கிவிடலாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அங்கே கெட்டுக் கிடந்தது, கறுப்பினத்தவரை ஜூரியில் உட்காரவே விடாத ஏற்பாடு.

2023-ல் காலநிலைப் போராட்டக்காரர்கள் மீதான வழக்கு நடந்தபோது, லண்டன் நீதிமன்ற வாசலில் ஓய்வுபெற்ற சமூகப் பணியாளர் ஒருவர் அட்டை பிடித்து நின்றார். மனசாட்சிப்படி விடுவிக்க ஜூரிக்கு உரிமை உண்டு என்று எழுதியிருந்தது. நீதிமன்ற அவமதிப்பு என்று அரசுத் தரப்பு கிளம்பியது; 2024 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அனுமதி மறுத்தது. அந்த அட்டையின் சாரம், புஷெலையும் தோழர்களையும் நினைவுகூர்ந்து ஓல்டு பெய்லிக்குள் பதித்திருக்கும் கல்வெட்டிலேயே இருக்கிறது.