திரையில் கண்ட சிவப்பும் துணியில் வந்த சிவப்பும்

அயல்நாடுகளில் குடியேறி வாழும் நம் குடும்பங்களில் மணவிழா நெருங்கிவிட்டால், அதற்கு வேண்டிய துணிமணிகள் தாயகத்திலிருந்தே வரவேண்டும் என்னும் ஆவல் எழுவது இயல்பே. முன்னாளில் ஊருக்குச் செல்வோரிடம் சொல்லியனுப்பிக் காத்திருந்தோம். இன்றோ கணினித் திரையில் படத்தைக் கண்டவுடனேயே பணத்தை அனுப்பிவிடுகிறோம். இதனால் விளையும் வசதி பெரிது; விளையும் மனத்தாங்கலும் சிறிதன்று. அத்தகைய மனத்தாங்கல் ஒன்றில் பிழை நம்முடையதாகவே இருந்த வரலாற்றை அன்பர்களிடம் ஒளிக்காமல் கூற விரும்புகிறோம்.

திருப்பதியிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், சுவர்ணமுகி ஆற்றங்கரையில் இருப்பது திருக்காளத்தி. நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்த அவ்வூர், 2022 ஏப்ரலில் புதிதாக அமைந்த திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்ததாயிற்று. இறைவனுக்குத் தம் கண்ணையே அளித்த கண்ணப்பரின் தலமாகத் தமிழர் அதனை அறிவர். கைவினை உலகமோ கலம்காரியின் ஊராக அறியும். அவ்வூர்க் கலைஞர் ஜொன்னலகட்டா குருப்ப செட்டி 2008ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

சென்ற ஆண்டு நம் இல்லத் திருமணத்தில் மணமேடைக்குப் பின்னே தொங்கவிட, அவ்வூர்க் கலைஞர் ஒருவரிடம் சீலை ஒன்று கேட்டிருந்தோம். அவர் அனுப்பிய படம் நம் திரையில் தீக்கொழுந்து போல் ஒளிர்ந்தது. வந்து சேர்ந்த சீலையிலோ செம்மண்ணை ஒத்த சிவப்பும் தந்தத்தை ஒத்த வெளிர்நிறமுமே இருந்தன. ஏமாற்றப்பட்டோம் என்று கருதிக் கடுமொழியில் கடிதம் எழுதினோம். அவரோ, “படத்தில் உள்ளதும் இதே சீலைதான், ஐயா. பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்” என்று மட்டும் பதில் எழுதினார்.

அந்தச் சிவப்பு எவ்வாறு பிறக்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. துணியை முதலில் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் ஊறவைத்து உலர்த்துவார்கள். வெல்லமும் இரும்புத் துண்டுகளும் நீரில் பல நாள் ஊறிப் புளித்த சாற்றால் கோடு எழுதினால், கடுக்காயின் துவர்ப்போடு இரும்பு சேர்ந்து கருமை பிறக்கும். படிகாரம் பூசிய இடங்களைச் செடிகளின் வேரும் பட்டையும் இட்ட கொதிநீர் சிவப்பாக்கும். அவுரி நீலம் தரும். கடுக்காய்ப்பூ மஞ்சள் தரும். இவை கண்ணை உறுத்தாமல் அடங்கி ஒளிரும் நிறங்கள். அவற்றைத் தீயாக்கிக் காட்டியது நம் மேசைமேல் இருந்த திரையே.

துணி தன்மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. திரையோ தானே ஒளியை உமிழ்கிறது. சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளை, ஒவ்வொன்றுக்கும் 256 படிகள் வைத்துக் கலந்து, 1,67,77,216 நிறங்களைச் சாதாரணத் திரை காட்ட வல்லது. ஆயினும் கடையில் வரிசையாக நிற்கும்போது கண்ணைக் கவரவேண்டும் என்பதற்காகப் பல திரைகள் மிகுந்த வெளிச்சத்தோடும் நீலம் ஓங்கிய வெண்மையோடும் அமைக்கப்படுகின்றன. வீட்டுக்கு வந்த பின் அவற்றைத் திருத்தி வைப்பார் சிலரே. வீணைக்குச் சுருதி சேர்க்காமல் பாட்டைக் குறைகூறினால் தகுமா?

சுருதி சேர்க்கும் முறை எளிது. திரையை அரைமணி நேரம் எரியவிடுக. வெயில் அதன்மேல் நேரே விழாத பகல் வேளையே ஏற்றது. இரவில் திரையை மஞ்சளாக்கும் ஏற்பாட்டையும், வெளிச்சத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் ஏற்பாட்டையும் நிறுத்துக. பின்னர்த் திரையின் அமைப்புப் பட்டியலில் ‘எஸ்ஆர்ஜிபி’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இது 1996இல் ஹியூலெட்-பேக்கர்ட், மைக்ரோசாப்ட் ஆகிய நிறுவனங்கள் வகுத்த பொது அளவு. இணையத்துப் படங்களில் பெரும்பாலானவை இதனைத் தழுவியவை. அப்பெயர் இல்லையாயின் நிறவெப்பத்தை 6500 கெல்வின் என வைக்கலாம்.

அடுத்து, வெள்ளைத் தாள் ஒன்றைத் திரையின் அருகே பிடித்து, திரையிலும் வெற்று வெண்பக்கத்தைத் திறந்து, இரண்டின் வெளிச்சமும் ஏறத்தாழ ஒத்திருக்கும்வரை குறைத்து வருக. கருமைக்கு அடுத்தடுத்த சாம்பற் படிகள் தனித்தனியே தெரிகின்றனவா என்றும் காண்க. நடுத்தரச் சாயல்களை ஆள்வது ‘காமா’ என்னும் அளவு, அது 2.2 ஆக இருத்தல் வேண்டும். விண்டோஸிலும் மேக்கிலும் இவற்றைப் படிப்படியாகச் சரிசெய்ய உதவும் பகுதிகள் உண்டு. இன்னும் துல்லியம் வேண்டுவோர்க்கு, திரையின்மேல் வைத்து நிறத்தை அளக்கும் ‘கலரிமீட்டர்’ என்னும் சிறு கருவி கிடைக்கிறது.

இவ்வாறு திருத்திய பின் சீலையைச் சன்னலோரம் விரித்து, திரையில் படத்தையும் பார்த்தோம். இரண்டும் முற்றும் ஒன்றாகிவிடவில்லை, ஆகவும் மாட்டா. ஆனால் உடன்பிறந்தவை என்று சொல்லும் அளவுக்கு நெருங்கி நின்றன. அன்றே அக்கலைஞருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினோம். மணமேடையின் பின்னே அச்சீலைதான் தொங்கியது.

படம் எடுத்தவரின் கருவியிலும் பிழை நேரலாம் என்பது உண்மையே. ஆகையால் விலை பேசும்போதே, துணியின் அருகே வெள்ளைத் தாள் ஒன்றை வைத்து, பகலில் நிழலில் எடுத்த படத்தை அனுப்புமாறு கேட்பது நலம். அத்தாள் நம் திரையில் வெண்மையாகத் தோன்றினால் நிறங்களை ஓரளவு நம்பலாம்.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கலரிமீட்டரை வீட்டுக்கு ஒன்றாக வாங்க வேண்டியதில்லை. சங்கத்தின் பொதுவில் ஒன்று வாங்கி, முறைவைத்துக் குடும்பங்களுக்கு வழங்கினால் போதும். நிறம் மாறிவிட்டது என்று திருப்பி அனுப்பப்படும் ஒவ்வொரு சீலையும், கடல் கடந்து வாழும் ஒருவரின் பல நாள் உழைப்பு என்பதை நாம் மறத்தல் ஆகாது. பிறர் கையைக் குறைகூறுமுன் நம் திரையைத் துடைத்துத் திருத்துவோமாக.