சம்பள உயர்வா, சாயங்கால நேரமா? 8 மணி நேர வேலைக்கு ரத்தம் சிந்திய புதுச்சேரி சொல்லும் கணக்கு

“நைட்டு பத்து மணிக்கு மேனேஜர் மெசேஜ் போட்டா, பதில் சொல்லாம எப்படி இருக்கிறது? அப்ரைசல்ல கை வெச்சுடுவாங்களே!” பெரிய நிறுவனங்களில் வேலை பார்க்கும் இளைஞர்கள் பலருக்கும் உள்ள பயம் இது. இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி 2023-ல் வாரம் 70 மணி நேரம் என்றார். எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்ரமணியன் பேசிய 90 மணி நேரம் 2025 ஜனவரியில் சர்ச்சையானது. உண்மையில் எவ்வளவு உழைத்தால் போதும்?

8 மணி நேரம் எப்படி வந்தது?

புதுச்சேரிக்கு இது புதிய கேள்வி இல்லை. 8 மணி நேர வேலை, சங்கம் வைக்கும் உரிமை கேட்டு வ.சுப்பையா தலைமையில் பஞ்சாலைத் தொழிலாளர்கள் போராடினார்கள். 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சுப் படை சுட்டதில் 12 பேர் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டே, 1937-ல், 8 மணி நேர வேலைக்கான சட்டம் இங்கே வந்தது. அந்தத் தியாகிகளுக்கு ஆண்டுதோறும் ஜூலை 30-ல் அஞ்சலி செலுத்தப்படுகிறது.

ஐடி ஊழியருக்கு இது பொருந்துமா?

இங்கேதான் சிக்கல். 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு, ‘தொழிலாளி’க்கு நாளுக்கு 8 மணி நேரம் என்கிறது. கூடுதல் நேரத்துக்குச் சம்மதமும் இரட்டைச் சம்பளமும் வேண்டும். ஆனால் நிர்வாகப் பணியில் இருப்பவர்களும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் அந்த வரையறைக்குள் வர மாட்டார்கள். ‘மேனேஜர்’ என்ற பெயர்ப் பலகை மட்டும் இதைத் தீர்மானிக்காது. செய்யும் வேலை என்ன என்பதைத்தான் நீதிமன்றங்கள் பார்க்கின்றன.

பிரான்ஸில் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கு, ‘வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டிக்கும் உரிமை’ 2017-லேயே வந்துவிட்டது. இந்தியாவில் இதற்காக சுப்ரியா சுலே எம்.பி. கொண்டுவந்தது தனிநபர் மசோதா மட்டுமே.

அதிகம் உழைத்தால் வளர்ச்சி வருமா?

ஒரு அளவு வரைதான். முதல் உலகப் போர் கால பிரிட்டன் ஆயுத ஆலைப் பதிவுகளை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் ஜான் பென்காவெல், வாரம் 50 மணி நேரத்தைத் தாண்டினால் கூடுதல் நேரத்துக்கான பலன் குறைவதாகவும், 70 மணி நேர உற்பத்தி 56 மணி நேர உற்பத்தியைவிடப் பெரிதாக வேறுபடவில்லை என்றும் 2014-ல் எழுதினார். வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35% அதிகம் என்று உலக சுகாதார அமைப்பும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-ல் எச்சரித்தன.

பதவி உயர்வை எப்படி எடைபோடுவது?

மாதச் சம்பளத்தைப் பார்க்காமல், ஒரு மணி நேரச் சம்பளத்தைப் பாருங்கள். 22 நாள், தினம் 8 மணி நேரம், 60,000 ரூபாய் என்றால் மணிக்கு சுமார் 341 ரூபாய். பதவி உயர்ந்து 75,000 ஆகி, வேலை 11 மணி நேரமானால் மணிக்கு 310 ரூபாய்தான். கையில் வரும் பணம் கூடும், உழைப்பின் விலை குறையும்.

அதற்காக உயர்வே வேண்டாம் என்பதல்ல. வீட்டுக் கடன் இருக்கலாம், புதிய தொழில்நுட்பம் கற்கும் வாய்ப்பும் கிடைக்கலாம். ‘இரண்டு வருஷம் ஓடுவோம்’ என்று முடிவெடுத்தால், முடியும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் உண்மையான வேலை நேரத்தை எழுதி வையுங்கள். பதவி உயர்வுக்கு என்ன அளவுகோல் என்று மேலதிகாரியிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். எழுத்தில் பதில் வராவிட்டால், அந்த உயர்வை நம்பி ராத்திரி தூக்கத்தை அடகு வைக்காதீர்கள்.