மௌனம் சம்மதமா?

மகளின் தேர்வு நுழைவுச்சீட்டை அச்சிட உட்கார்ந்தேன். எங்கள் பிரிண்டர் வாரத்தில் ஆறு நாள் அணைந்தே கிடக்கும். அன்று போட்டதும் முதல் பக்கம் வந்தது, இரண்டாவது வரவில்லை. மை இருந்தது, தாள் இருந்தது, வைஃபை இருந்தது. கணினி மட்டும் பிரிண்டரைக் காணோம் என்றது.

காரணம் கூடத்தில் சார்ஜில் கிடந்தது. முந்தின நாள் ஊரிலிருந்து வந்த தம்பியின் ஃபோனுக்கும் பிரிண்டருக்கும் ஒரே ஐ.பி. முகவரி: 192.168.1.5.

192.168 என்று தொடங்கும் 65,536 எண்களும் தனிப்பட்ட வலையமைப்புகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. அதனால் உங்கள் வீட்டிலும் என் வீட்டிலும் ஒரே எண் இருந்தால் பாதகமில்லை. ஒரே வீட்டுக்குள் இரண்டு கருவிகளிடம் இருந்தால்தான் தகராறு.

எண் தெரிந்தால் மட்டும் தரவு போய்ச் சேராது. அது எந்தக் கருவியிடம் இருக்கிறது என்று தெரிய வேண்டும். கணினி வீடு முழுக்கக் கேட்கும்படி கூப்பிடும்: “192.168.1.5 யாரிடம்?” உரிய கருவி தன் 48 பிட் மேக் முகவரியைச் சொல்லும். ஆர்ப் எனப்படும் இந்த முறையை டேவிட் பிளம்மர் 1982இல் வகுத்தார். இதில் சாட்சி கேட்கும் வழக்கமே இல்லை; பதில் சொன்னவரை அப்படியே நம்ப வேண்டியதுதான். இருவர் பதில் சொன்னால், கடைசியாகச் சொன்னவரே குறிப்பில் நிற்பார். கணினியில் ‘ஆர்ப் -ஏ’ கட்டளை கொடுத்துப் பார்த்தேன். அந்த எண்ணுக்கு எதிரே ஒரு மேக் முகவரி. சற்றுப் பொறுத்து மறுபடி பார்த்தேன். எண் அதே, எதிரே வேறு முகவரி. என் இரண்டாம் பக்கம் ஃபோனைத் தேடிப் போயிருக்கிறது.

இதைத் தடுக்க அழகான ஒரு மரியாதை உண்டு. ஸ்டூவர்ட் செஷயர் எழுதி 2008இல் வெளியான நெறிமுறைப்படி, எண்ணை எடுத்துக்கொள்ளும் முன் கருவி மூன்று முறை கேட்க வேண்டும்: “இந்த எண் யாரிடமாவது இருக்கிறதா?” அப்போது ‘கேட்பவர் எண்’ என்ற இடத்தில் தன் எண்ணை எழுதாமல் வெறும் பூஜ்யங்களை இடும். இன்னும் தனதாகாத எண்ணைத் தன் பெயரில் எழுதினால், கேட்கும் மற்றக் கருவிகளின் குறிப்பு கெட்டுவிடும் அல்லவா? கேள்வியால்கூடப் பிறருக்குக் குழப்பம் வரக் கூடாது என்ற அந்தக் கவனம் என்னை இன்றும் நெகிழ வைக்கிறது. சில விநாடிகள் பதிலில்லை என்றால், மௌனம் சம்மதம். எண் அதற்குச் சொந்தம்.

ஆனால் அணைந்து கிடக்கும் கருவியும் மௌனமாகத்தான் இருக்கும். 192.168.1.5ஐ முன்பே பிரிண்டருக்கு நான் கையால் எழுதி வைத்திருந்தேன், ரௌட்டரிடம் சொல்லவில்லை. தன் கணக்கில் காலியாக இருந்த எண்ணை அது விருந்தாளிக்குக் கொடுத்தது.

உங்கள் வீட்டிலும் சந்தேகம் வந்தால், அடிபடும் கருவியை அணைத்துவிட்டு அதன் எண்ணுக்குப் பிங் அனுப்பிப் பாருங்கள். பதில் வந்தால், அந்த எண்ணில் இன்னொருவர் குடியிருக்கிறார். கருவியைத் தானியங்கி முறைக்கு மாற்றி, அதன் மேக் முகவரிக்கென்று ஓர் எண்ணை ரௌட்டரிலேயே ஒதுக்கிவிடுங்கள். நானும் அதையே செய்தேன். இப்போது எங்கள் பிரிண்டர் ஆறு நாள் தூங்கினாலும், அதன் இடம் இன்னதென்று ரௌட்டருக்குத் தெரியும்.