'பர்வியூ': ஒரு சொல்லின் சமூக வரலாறு

அதிகாரம் அல்லது ஆய்வு செல்லும் எல்லையைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் சொற்களுள் 'பர்வியூ' ஒன்று. ஈற்றிலுள்ள 'வியூ' என்பதைக் கொண்டு, கண்ணுக்கெட்டும் தூரமே அதன் மூலப்பொருள் எனக் கருதுவோர் உளர். சொல்லின் வரலாறு வேறு. 'முன்னே பார்த்தல்' எனப் பொருள்படும் 'ப்ரோவிதேரே' என்னும் இலத்தீன் வினையினின்று பழைய பிரெஞ்சு வழியாக வந்தது இது. முன்னே பார்த்தல், முன்னேற்பாடு செய்தலாயிற்று. நோர்மானிய வெற்றியின் பின் இங்கிலாந்தின் சட்டமொழியாகிய பிரெஞ்சில் 'ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது' எனப் பயின்ற இச்சொல், 15ஆம் நூற்றாண்டளவில் சட்டத்தின் விதிக்கும் பகுதிக்குப் பெயராயிற்று. எல்லை என்ற பொதுப்பொருள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தோன்றியது. எனவே, ஆங்கிலத்தில் இச்சொல் தோன்றிய களம் கண்ணெல்லையன்று, ஆணையே எனலாம்.

அவ்வாணையின் பார்வை எத்தகையது என்பதற்கு மாத்தளை மாவட்டத்து நாவுலப் பகுதியை நோக்குதல் பொருத்தமாகும். வயலும் சேனையும் இணைந்த வாழ்க்கை இப்பகுதிக்குரியது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், பயிரிடப்படாத நிலமனைத்தும் முடிக்குரியதென ஊகித்தது. சேனையோ சில காலம் பயிரிட்டுப் பின் காடாக விடப்படுவது. கண்டிப் பகுதிகளில் அதற்கு உரிமை கோருவோர் சன்னஸ் போன்ற உறுதியையோ, வழக்கமான வரியோ சேவையோ செலுத்திய சான்றையோ காட்டவேண்டியிருந்தது. உழைப்பு சான்றாகவில்லை. 1848இல் மாத்தளையில் எழுந்த கிளர்ச்சிக்கு உடனடிக் காரணம் புதிய வரிகளே. எனினும் நிலம் பற்றிய அச்சத்தை அதன் பின்புலத்தினின்று நீக்கிவிட முடியாது.

காணியைத் தன் எல்லைக்குள் கொணர்ந்த சட்டம், மனிதரை எல்லைக்கு வெளியே நிறுத்தவும் வல்லது. தம்புள்ளையிலிருந்து நாவுலவினூடாக மாத்தளை செல்லும் வடபாதை, தென்னிந்தியத் தொழிலாளர் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்துவந்த வழியாகும். அவர்தம் வழித்தோன்றல்களுட் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே விடப்பட்டனர். இங்கும் உழைப்பு சான்றாகவில்லை.

தமிழில் இப்பொருளை உணர்த்தும் 'வரம்பு' வயலிற் பிறந்த சொல். நீரைத் தேக்கும் அவ்வரம்பு உழைப்போர் கையால் எழுவது. அதுவே உடைமையைப் பிரிக்கும் கோடாகவும் அமைவது. ஆதலின் நம் சொல் குற்றமற்றது, பிறர் சொல் குற்றமுடையது என்பது எமது வாதமன்று. எல்லை குறிக்கும் எச்சொல்லை ஆளும்போதும், அவ்வெல்லையை வகுத்தோர் யார், அதற்குப் புறத்தே விடப்பட்டோர் யார் என வினவுதல் சொல்லாராய்ச்சியின் கடமையாகும்.