கண்ணாடிக்குள் இருக்கும் வெள்ளி

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு முழுக்க கார் அக்சஸரீஸ் கடைகள். சன் ஃபிலிம் ஒட்ட அங்கே போகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது மூன்று விஷயங்கள்தான்: வெயில் எவ்வளவு குறையும், வெளியே இருந்து பார்த்தால் உள்ளே தெரியுமா, போலீஸ் பிடிக்குமா? ஒட்டிய பிறகு போனில் டவர் கிடைக்குமா என்று யாரும் கேட்பதில்லை. கடைக்காரரும் தானாகச் சொல்வதில்லை. நெடுஞ்சாலையில் பேச்சு பாதியில் அறுந்துபோகும்போது நெட்வொர்க் கம்பெனியைத் திட்டிவிட்டு விஷயத்தை அத்தோடு விட்டுவிடுகிறோம்.

கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் "ஃபிலிம் ரொம்பக் கறுப்பு, அதனால்தான் சிக்னல் வரவில்லை" என்பார்கள். இது தவறு. கறுப்புக்கும் சிக்னலுக்கும் சம்பந்தமே கிடையாது. பாலியெஸ்டர் தாளில் சாயம் ஏற்றிய சாதாரண ஃபிலிம் எவ்வளவு கறுப்பாக இருந்தாலும், ரேடியோ அலை அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும். நானோ செராமிக் ஃபிலிமும் சிக்னலைத் தொந்தரவு செய்வதில்லை. கார்பன் ஃபிலிமிலும் பொதுவாகப் பிரச்சினை வருவதில்லை. சிக்கலெல்லாம் மெட்டலைஸ்டு ஃபிலிமில்தான். அலுமினியமோ நிக்கலோ வெள்ளியோ மிக மெல்லிய படலமாகப் படிந்திருக்கும் வகை அது. வெயிலைத் திருப்பியடிப்பதில் கெட்டி. டவரிலிருந்து வரும் அலையையும் அதே வேகத்தில் திருப்பியடித்துவிடும்.

அந்தப் படலம் சில பத்து நானோமீட்டர் கனம்தான். அதன் வழியாகப் பார்த்தால் எதிரே இருப்பது தெளிவாகவே தெரியும். கண்ணுக்குத் தெரியும் ஒளி இவ்வளவு சுலபமாக நுழையும்போது, சிக்னல் மட்டும் ஏன் நுழைவதில்லை? உலோகம் மின்சாரத்தைக் கடத்தும் என்பதுதான் காரணம். 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 33 சென்டிமீட்டர். அது படலத்தில் மோதியதும் அதிலுள்ள எலெக்ட்ரான்கள் அலையின் தாளத்துக்கு அசைந்து, அலையின் பெரும்பகுதியை வந்த வழியே அனுப்பிவிடுகின்றன. அதற்குக் கனம் தேவையில்லை. அறுபடாமல் விரிந்த ஓர் உலோகப் பரப்பு போதும்.

கார் ஏற்கெனவே ஓர் இரும்புப் பெட்டி. சிக்னல் உள்ளே வர அதற்குக் கண்ணாடிதான் வாசல். பக்கவாட்டிலும் பின்னாலும் மட்டும் மெட்டல் ஃபிலிம் ஒட்டி, முன்கண்ணாடியை விட்டுவைத்தால் நகரத்துக்குள் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. டவர் பக்கத்திலேயே இருக்கும். முன்பக்கமாக வரும் அலையே போதும். டவர் தூரமாக இருக்கும் இடங்களில்தான் சிரமம் தெரியவரும். முன்கண்ணாடியிலும் உலோகம் ஏறிவிட்டால் கதை வேறு. ஜிபிஎஸ் செயற்கைக்கோள் 20,000 கிலோமீட்டருக்கும் மேலே சுற்றுகிறது. அங்கிருந்து நம்மை வந்து சேரும் அலை போன் சிக்னலைவிடப் பல மடங்கு பலவீனமானது. அதையும் வடிகட்டினால், மேப் வழி தெரியாமல் தடுமாறத்தான் செய்யும்.

ஃபாஸ்டேக்குக்கு இன்னும் கஷ்டம். அந்த ஸ்டிக்கரில் பேட்டரி கிடையாது. சுங்கச்சாவடிக் கருவி அனுப்பும் 865 மெகாஹெர்ட்ஸ் அலையிலிருந்தே சக்தியை எடுத்துக்கொண்டு, அதிலேயே பதிலையும் அனுப்புகிறது. வருகிற அலை ஒரு தடவை உலோகத்தில் அடிபட, போகிற பதில் இன்னொரு தடவை அடிபடுகிறது. கம்பெனியிலேயே உலோகப் பூச்சுள்ள முன்கண்ணாடியோடு வரும் சில கார்களில், உள்ளே இருக்கும் ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சிறு பகுதியைப் பூச்சு இல்லாமல் விட்டிருப்பார்கள். அப்படிப்பட்ட காரில் ஃபாஸ்டேக் ஒட்ட வேண்டிய இடம் அதுதான்.

நம் சட்டம் கவனிப்பது வெளிச்சத்தை மட்டுமே. மோட்டார் வாகன விதிகளின்படி முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் ஒளி ஊடுருவ வேண்டும். கறுப்பு ஃபிலிமுக்கு எதிராக 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோதும் பேச்சு பாதுகாப்பையும் குற்றங்களையும் பற்றியதுதான். ஆனால் 70 சதவீத வெளிச்சத்தை உள்ளே விடும் ஒரு கண்ணாடி, டவர் சிக்னலில் ஆயிரத்தில் ஒரு பங்கை மட்டுமே விடலாம். அதற்கான சான்று நம் அலுவலகக் கட்டடங்களிலேயே இருக்கிறது.

பழைய மகாபலிபுரம் சாலையின் ஐ.டி. கட்டடங்களைப் போன்ற கண்ணாடி முகப்புகளில் இப்போது அதிகம் விரும்பிப் போடப்படுவது லோ-இ கண்ணாடி. அதன் ஒரு பக்கத்தில் வெள்ளிப் படலம் இருக்கும். ஏ.சி. செலவை அது கணிசமாகக் குறைக்கிறது. நம் வெயிலுக்கு அது தேவைதான். அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் சாதாரணக் கண்ணாடி சிக்னலில் அதிகம் போனால் பாதியைக் குறைக்கும் என்றால், இது 25, 30 டெசிபல் வரை குறைத்துவிடும். 10 டெசிபல் குறைந்தால் மிஞ்சுவது பத்தில் ஒரு பங்கு, 20 என்றால் நூறில் ஒரு பங்கு, 30 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஜன்னல் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து, எதிர்க் கட்டடத்து மொட்டைமாடி டவரைக் கண்ணால் பார்த்துக்கொண்டே "ஹலோ, கேக்குதா?" என்று கத்த வேண்டியிருப்பது இதனால்தான்.

போனும் சும்மா இருப்பதில்லை. டவரை எட்டிப்பிடிக்கத் தன் சக்தியைக் கூட்டிக்கொண்டே போகும். மதியத்துக்குள் பேட்டரி காலியாவதற்கும் போன் சூடாவதற்கும் இது ஒரு காரணம். ஓடிபி தாமதமாக வந்தால் எரிச்சலோடு போய்விடும். சக ஊழியர் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயும்போது 108-க்கு அழைப்பு போகவில்லை என்றால்? அதனால்தான் இதை வெறும் வசதிக் குறைவு என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

இதற்குத் தீர்வு உண்டு. சுவிட்சர்லாந்தில் ரயில் ஜன்னல்களிலும் வெப்பத்தைத் தடுக்க இதே போன்ற உலோகப் பூச்சுதான். பயணிகளுக்கும் இதே தொல்லை. லோசான் நகரிலுள்ள இபிஎஃப்எல் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் பூச்சை முழுவதும் எடுத்துவிடாமல், அதில் லேசரால் முடியைப் போன்ற மெல்லிய கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறினார்கள். பரப்பு சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிந்துவிட்டது. வெப்ப அலைகள் மிகக் குட்டையானவை. அவற்றுக்கு ஒவ்வொரு துண்டும் பெரிய சுவர்தான், பழையபடி திரும்பிப் போகின்றன. ரேடியோ அலைக்கோ, மின்னோட்டம் ஓடத் தொடர்ச்சியான பரப்பு இல்லாததால் தடையும் இல்லை. சிக்னல் ஏறக்குறைய சாதாரணக் கண்ணாடியில் போவதுபோலவே போனது. 2016-இல் வெளியான இந்தக் கண்ணாடியை பிஎல்எஸ் ரயில் நிறுவனம் தன் பெட்டிகளில் பொருத்தியது. வெயிலைத் தடுக்க வேண்டுமானால் சிக்னலை இழந்தே ஆக வேண்டும் என்று எந்தப் பில்டராவது சொன்னால், நம்ப வேண்டியதில்லை.

கட்டி முடித்த கட்டடத்துக்கு உள்ளேயே ஆன்டெனாக்கள் அமைக்கலாம். அதை நெட்வொர்க் நிறுவனம்தான் செய்ய வேண்டும். ஆன்லைனில் கிடைக்கும் பூஸ்டரை நாமே வாங்கி மாட்டுவது இந்தியாவில் சட்டவிரோதம்; பக்கத்தில் இருப்பவர்களின் சிக்னலையும் அது கெடுக்கும். நிறுவனம் அதைச் செய்யும்வரை வைஃபை காலிங் வசதியை ஆன் செய்து வைத்துக்கொள்வது நல்லது.

உங்கள் கார்க் கண்ணாடியில் உலோகம் இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். ஆண்ட்ராய்டு போனின் செட்டிங்ஸில் சிம் விவரத்துக்குள் போனால் சிக்னல் அளவு மைனஸ் 85, மைனஸ் 110 என்று டிபிஎம் கணக்கில் இருக்கும். காரை ஓரிடத்தில் நிறுத்தி, எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டுச் சில தடவை பாருங்கள். பிறகு இறக்கிவிட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று எண் வித்தியாசம் சகஜம். ஒவ்வொரு தடவையும் பத்து, பதினைந்து என்று மாறினால் சந்தேகப்பட வேண்டியது ஃபிலிமைத்தான்.

கட்டடங்களில் செல்போன், இணைய வசதி எப்படி இருக்கிறது என்று பார்த்து நட்சத்திர மதிப்பீடு தரும் விதிமுறைகளைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 அக்டோபரில் கொண்டுவந்தது. ஆனால் கட்டட உரிமையாளர் விருப்பப்பட்டு விண்ணப்பித்தால்தான் மதிப்பீடு. வாங்குகிறவர்களும் வாடகைக்கு வருகிறவர்களும் கேட்காதவரை உரிமையாளர்களுக்கு அந்த விருப்பம் வரப்போவதில்லை. அதனால் ஃபிலிம் கடையில் "மெட்டல் இருக்கா?" என்று கேளுங்கள்; ஃபிளாட்டோ ஆபீஸோ பார்க்கப் போனால் ஜன்னலை மூடச் சொல்லி, உள்ளே நின்று ஒரு போன் போட்டுப் பேசிப் பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.